ஜப்பான் வாத்தியார் தாண்டிப் போன வரி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், அந்தக் காலத்து வாத்தியார்களைப் புகழ ஆரம்பித்துவிடுகிறீர்கள். போன வாரம் கல்யாணப் பந்தியில்கூட அதே பேச்சுதான். அவர்கள் மாதிரி வருமா, சொல்லிக்கொடுத்தது இன்னும் மனசில் நிற்கிறதே என்று ஆளாளுக்கு உருகினீர்கள். கிழவி நான் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுத்தது மனசில் நிற்கிறது. அறுபது வருஷமாக நிற்கிறது, நினைத்தால் வயிறு எரிகிறது. பந்தியில் சொன்னால் சாப்பாடு இறங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் எங்கள் சேரி. நைனாவுக்குத் தோல் மண்டியில் சுண்ணாம்புக் குழி வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, முழங்கால் அளவு குழிக்குள் நின்று மிதித்துப் புரட்டி, மயிர் கழன்றதும் தூக்கிக் கரையில் போட வேண்டும். அவருடைய விரல் நுனிகளில் ரேகையே கிடையாது, சுண்ணாம்பு தின்றுவிட்டிருந்தது. அம்மா அதே மண்டியில் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடிப்பாள். சாயங்காலம் அவள் தலை, இமை, காது மடல் எல்லாம் பட்டைத் தூள் படிந்து பழுப்பாக இருக்கும். இருமினால் அதே நிறத்தில் வரும்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்டு, கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். காற்றோட்டத்துக்காம். எங்களுக்குக் காற்று வர வேண்டும் என்றா, எங்கள் மேல் பட்ட காற்று வெளியே போக வேண்டும் என்றா என்று அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷமாக உட்கார்ந்து ரயில் பார்த்தோம்.

எனக்குப் பதினொரு வயது நடக்கும்போது அந்த வாத்தியார் வந்தார். ஒல்லியாக, நடுவகிடு எடுத்து, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வருவார். திமிரி என்ற ஊர்ப் பக்கம், விவசாயக் குடும்பம் என்று சொல்லிக்கொண்டார். கோட்டுப் பையில் எப்போதும் மடித்த கைக்குட்டை இருக்கும். மண்டிப் பக்கமிருந்து காற்றடித்தால் அதை மூக்கில் வைத்துக்கொண்டே பாடம் நடத்துவார். இங்கிலீஷில் தடியாக ஒரு புஸ்தகம் வைத்திருந்தார், சிவப்பு அட்டை, உள்ளே வண்ணப் படங்கள், ஒவ்வொரு படத்தின் மேலும் மெல்லிய வெங்காயத் தோல் மாதிரிக் காகிதம். ஜப்பானியப் பெரியவர்களின் சரித்திரம் அது. ஜப்பான்காரன் ருஷ்யாவைக் கடலில் மூழ்கடித்து ரெண்டு மூணு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வெற்றி தன் சொந்த வீட்டில் நடந்தது போல அவர் மெய்மறந்து பேசுவார். ஊரே அவரை ஜப்பான் வாத்தியார் என்றது.

பொய் சொல்லக் கூடாது, மனுஷன் கதை சொல்வதில் கெட்டிக்காரர். பதினைந்து வயதில் சிம்மாசனம் ஏறி, குடுமியை வெட்டி, ரயில் விட்டு, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்த சக்கரவர்த்தி. அண்ணனுக்கோ தம்பிக்கோ பாடம் நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து கேட்டே சீன பாஷை கற்றுக்கொண்ட ஒரு சீமாட்டி. இவள் ஆணாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று அவள் அப்பன் அழுதானாம், அவளோ உலகமே படிக்கிற பெரிய கதைப் புஸ்தகம் எழுதினாள். அப்புறம் தேநீர் குரு. நாலு பேர் உட்காரும் சின்னக் குடிசையில் தேநீர் கொடுப்பதையே பூஜை மாதிரி செய்தவர். அந்தக் குடிசைக்கு வாசல் இவ்வளவு உயரம்தான் என்று வாத்தியார் தன் இடுப்புக்குக் கீழே கையைக் காட்டினார். எவ்வளவு பெரிய பிரபுவானாலும் கத்தியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டுமாம்.

எனக்கு அந்த வாசல் பிடித்துப்போயிற்று. அதில் எல்லாரும் நுழையலாமா என்று எழுந்து கேட்டேன். எல்லாரும் நுழையலாம் என்றார். ஜப்பானில் ஜாதி என்பதே கிடையாது, அதனால்தான் அவன் ஜெயித்தான், நாம் தோற்றுக்கிடக்கிறோம் என்றார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே சொன்னார். நான் அதை அப்படியே நம்பினேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், ஜப்பான் என்று ஒரு தேசம் இருக்கிறது, நாம் அங்கே போய்விடலாம் என்றேன். அவள் முறத்தைத் தட்டியபடி, அங்கயும் எவனாவது தோல் உரிச்சாத்தான செருப்பு வரும் என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்போடு படிப்பு முடிந்தது. மேலே படிக்க வேலூர் போர்டிங்குக்குப் போக வேண்டும். அங்கே படித்தால் டீச்சர் ஆகலாம். அந்த வருஷம் ஒரு பெண்ணுக்குச் சம்பளம் கட்டாமல் படிக்க இடம் தருவதாகப் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி சொல்லியிருந்தாள். ஆண்டு விழாவுக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார், ஆளுக்கொரு ஜப்பான் பெரியவரின் வாழ்க்கையை மேடையில் சொல்ல வேண்டும், யார் நன்றாகச் சொல்கிறாளோ அவளுக்கு வேலூர் என்று ஏற்பாடு. கிடைக்காவிட்டால் நான் எங்கே போவேன் என்பதிலும் சந்தேகமில்லை. அம்மா ஏற்கெனவே எனக்கென்று ஒரு சின்ன உலக்கை பார்த்து வைத்திருந்தாள்.

எனக்கு அந்தச் சீமாட்டி வேண்டும் என்று கேட்டேன். ஓரமாக உட்கார்ந்து கேட்டே படித்தவள் இல்லையா, அவளை என்னை விட யார் சொல்ல முடியும்? வாத்தியார் அவளை ஸ்டேஷன் மாஸ்டர் மகளுக்குக் கொடுத்தார். நல்ல பெண், குரல் கொசு மாதிரி. எனக்குக் கொடுத்தது செருப்புத் தூக்கி. அவன் ஒரு குடியானவன் மகன், முகம் குரங்கு மாதிரி இருக்கும் என்று எஜமானே குரங்கு என்றுதான் கூப்பிடுவானாம். எஜமான் செருப்பைச் சுமப்பது அவன் வேலை. ஒரு நாள் கொட்டுகிற பனியில் எஜமான் வெளியே வந்து காலை நுழைக்கிறான், செருப்பு வெதுவெதுப்பாக இருக்கிறது. இதன் மேல் உட்கார்ந்தாயா என்று சீறுகிறான். இல்லை எஜமானே, உங்கள் கால் குளிரக் கூடாதென்று சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தேன் என்று எடுத்துக் காட்டுகிறான். அங்கிருந்து படிப்படியாக ஏறி, கடைசியில் ஜப்பான் முழுவதையும் அவனே ஆண்டான்.

வகுப்பு சிரித்தது. பொருத்தமாகத்தான் கொடுத்திருக்கிறார் என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். வாத்தியாரும் லேசாகச் சிரித்தார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி, "ஒங்கப்பன்கிட்ட சொல்லி நல்லதா ஒரு ஜோடி தெச்சு எடுத்துட்டு வா. ஒங்க ஆளுங்களுக்கு அது என்ன பெரிய வேலையா" என்றார்.

நீங்கள் அந்தப் பக்கத்து ஆளாக இல்லாவிட்டால் இது புரியாது, சொல்லிவிடுகிறேன். தோல் பதனிடுகிறவன் வேறு, செருப்புத் தைக்கிறவன் வேறு. தெரு வேறு, குடி வேறு, கொள்வினை கொடுப்பினை கிடையாது. எங்களை ஊர் தள்ளி வைத்திருந்தது. நாங்கள் செருப்புத் தைக்கிறவர்களைத் தள்ளி வைத்திருந்தோம். வெட்கக்கேடுதான், ஆனால் அப்படித்தான் இருந்தது. நைனா ஆயுசில் ஊசி பிடித்தவரில்லை. ரயில்வே கேட்டருகே செருப்புத் தைக்கும் குடும்பம் இருந்தது. அவர்களிடம் கேட்டு வாங்கிவிடு, ஒரு நாள் வேலை என்று அம்மா சொன்னாள். அவங்க வாசல்ல போய் நான் நிக்கறதா என்று நைனா மறுத்துவிட்டார். வாத்தியார் மேல் எனக்கிருக்கும் கோபத்தில் கால்வாசி நைனா மேலும் உண்டு. செத்தவர் என்பதற்காக அதைத் தள்ளுபடி செய்ய மாட்டேன்.

தானே தைக்கிறேன் என்று உட்கார்ந்தார். பதம் ஏறின நல்ல தோல் எல்லாம் பூட்டின கிடங்கில் இருக்கும், குழிக்காரன் அந்தப் பக்கம் போகவே முடியாது. அவர் கைக்கு எட்டியது குழியிலிருந்து எடுத்து ஓரம் வெட்டிப்போட்ட பச்சைத் துண்டுகள், பசை காய்ச்சப் போகிறவை. மேஸ்திரியிடம் கேட்டு ரெண்டு துண்டு வாங்கி வந்து, சுண்ணாம்பு போகக் கழுவி, ஓட்டின் மேல் ஆறு நாள் காயப்போட்டார். பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. கோணி ஊசியால் குத்தித் தைத்தார், விரலெல்லாம் ரத்தம். நடுவில் ஒரு வார், பெருவிரலுக்கு ஒரு வளையம். ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் வந்தது. ஆனால் அழகாக, பால் வெள்ளையாக இருந்தது. ராத்திரி என் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அது நாறுகிறதா என்று எங்களில் யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. குழியோரம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நாற்றம் மட்டும் மூக்கில் ஏறாது. பூ மணக்கும், மீன் மணக்கும், மழை மணக்கும், தோல் மட்டும் மணக்காது. எங்கள் தெருவில் எந்த வீட்டில் கேட்டிருந்தாலும், நல்லாத்தான் இருக்கு என்றிருப்பார்கள்.

விழா நடந்தது சித்திரை வெயிலில். எங்கள் பக்கத்துச் சித்திரை தெரியுமல்லவா, பாறை எல்லாம் இரவு வரை கொதிக்கும். மேடைக்குத் தகரப் பந்தல். பனிக்காக இலவம்பஞ்சைப் பிய்த்துத் தரையெல்லாம் தூவியிருந்தார் வாத்தியார். துரைசானி எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்திருந்தாள். செருப்பைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், கதையில் அந்த இடம் வரும்போது எடுத்துக் காட்ட வேண்டும். வாத்தியார் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர், என் பக்கத்தில் வந்ததும் ஒரு நொடி நின்றார். கைக்குட்டையை எடுத்தார். என்னைப் பார்த்தார். வரிசையில் கடைசிக்கு அனுப்பினார். அப்போதே சொல்லியிருக்கலாம். செருப்பு வேண்டாம், கையை மட்டும் காட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

எனக்கு முன்னால் ஆறு பேர். சக்கரவர்த்தி முழுதாக வந்து போனார். கடற்படைத் தளபதி ருஷ்யக் கப்பல்களை ஒன்றுவிடாமல் மூழ்கடித்தார். சீமாட்டி தன் புஸ்தகத்தைப் பாதி மறந்து, வாத்தியார் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்க, எழுதி முடித்தாள். அத்தனை நேரமும் நான் தகரத்தடியில் வியர்த்து ஊற்றிக்கொண்டு நின்றேன். காய்ந்து விறைத்திருந்த பச்சைத் தோல் வியர்வையைக் குடித்து இளகி, நெஞ்சில் கொழகொழவென்று ஒட்ட ஆரம்பித்தது. வெள்ளைச் சட்டையில் மஞ்சளாக ஒரு ஈரம் படர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் விலகி விலகி நின்றார்கள். பயந்து விலகுகிறார்கள் என்று நினைத்தேன், அத்தனை திமிராக நின்றிருந்தேன் நான்.

மேடையேறினேன். என் குரல் அன்றைக்கு இருந்த மாதிரி அப்புறம் இருந்ததில்லை. பந்தலின் கடைசியில் வேலிக்கு வெளியே நின்றிருந்த நைனாவுக்கும் அம்மாவுக்கும்கூடக் கேட்டது. குடியானவன் வீட்டைச் சொன்னேன், குரங்கு என்று கூப்பிட்டதைச் சொன்னேன், பனியைச் சொன்னேன். இதோ எஜமானே என்று சட்டைக்குள் கைவிட்டுச் செருப்பை வெளியே எடுத்து இன்ஸ்பெக்டருக்கு நேராக நீட்டினேன். முன்வரிசை மொத்தமும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தது. இன்ஸ்பெக்டர் அங்கவஸ்திரத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் போதும் என்று காட்டினார். துரைசானி தலையைக் குனிந்துகொண்டாள். வாத்தியார் ஓடிவந்து என் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் இறக்கினார். கைதட்டச் சொல்லி அவரே தட்ட ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். மற்ற ஆறு பேரும் முழு வாழ்க்கை வாழ்ந்தார்கள். என் ஆள் செருப்போடு பனியில் நின்றபடியே முடிந்துபோனான். அவன் ஜப்பானை ஆண்டதைச் சொல்ல எனக்கு விடவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மகள் வேலூருக்குப் போனாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை, டீச்சராகி நன்றாகவே இருந்தாள்.

ரொம்ப வருஷம் கழித்து, வாணியம்பாடியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் பெரியவன் அதே சிவப்பு அட்டை இங்கிலீஷ் புஸ்தகத்தைக் கொண்டுவந்தான். அதற்குள் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து நானும் இங்கிலீஷ் படித்திருந்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதும் படித்தேன். அந்தச் செருப்பு தோலே இல்லை, வைக்கோல். படத்திலேயே தெரிகிறது. பின்னின வைக்கோல் செருப்பு, பத்து வயதுப் பிள்ளை அரை மணியில் முடைந்துவிடும். அந்தக் குரங்குமூஞ்சி ஆட்சியைப் பிடித்ததும் செய்தது என்ன தெரியுமா? குடியானவர்கள் கையிலிருந்த கத்திகளையெல்லாம் பிடுங்கி, இனிமேல் குடியானவன் போர்வீரனாக முடியாது, அவனவன் அவனவன் நிலையிலேயே கிடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். தேநீர் குருவை வயிற்றைக் கிழித்துச் சாகச் சொன்னதும் அவன்தான். இன்னொன்றும் இருந்தது. அந்தத் தேசத்திலும் மாட்டை உரிக்கிறவர்களையும் தோல் வேலை செய்கிறவர்களையும் ஊருக்கு வெளியேதான் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கேவலமான பெயர்கூட உண்டு. வாத்தியார் வாய் ஓயாமல் புகழ்ந்த அதே சக்கரவர்த்தி காலத்தில்தான் அந்தப் பெயரை நீக்கி உத்தரவு வந்தது. ரயில் விட்டதற்கும் பள்ளிக்கூடம் திறந்ததற்கும் நடுவில் ஒரே ஒரு வரி. ரயிலைச் சொன்னார், பள்ளிக்கூடத்தைச் சொன்னார், அந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விட்டார்.

ஏன் தாண்டினார் என்று எனக்குத் தெரியும். அதற்கான காரணம் விழா நடந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைக் கழற்றிச் சாக்கடையில் வீசினேன். வாத்தியாரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். விவசாயி வீட்டுப் பிள்ளை, அவனுக்கு எங்கே தெரியும் நம்ம கஷ்டம் என்று கத்தினேன். அம்மா வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நைனா தலை நிமிராமல் சொன்னார்.

"அவன் ஊரு திமிரியும் இல்ல, விவசாயமும் இல்லம்மா. வாணியம்பாடில அவங்கப்பனும் நானும் ஒரே குழில நின்னோம். கொழந்தையில அவன நான் தூக்கியிருக்கேன். பாதிரி கூட்டிட்டுப் போய்ட்டாரு. என்னப் பாத்த அன்னிக்கே அவனுக்கு அடையாளம் தெரிஞ்சிருச்சி."

அம்மாவுக்கே அது புதுச் செய்தி. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நம்ம பையன் ஒருத்தன் கோட்டுப் போட்டுக்கிட்டு மேல போயிருக்கான், அத ஏன் நாம கெடுக்கணும் என்றார். வெளியே தெரிந்தால் பாதிப் பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள், அவனுக்கு வேலை போய்விடும் என்றார். இதை யாரிடமும் சொல்லக் கூடாதென்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினார். அவருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அதை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். குழிக்காரன் செருப்புத் தைக்க மாட்டான் என்று ஊரில் எவனுக்குத் தெரியாவிட்டாலும் அந்த மனுஷனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, முன்வரிசைக்குக் கேட்கும்படி, ஒங்க ஆளுங்க என்றார். பச்சைத் தோல் வியர்வை பட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என்னை வெயிலில் கடைசியாக நிற்க வைத்தார். குழியோரம் பிறந்த மூக்குக்குக் கைக்குட்டை எதற்கு?

மறுநாள் சனிக்கிழமை. சிலேட்டை எடுத்துவரப் போனேன். அவர் தனியாக உட்கார்ந்து நோட்டுப் புஸ்தகம் திருத்திக்கொண்டிருந்தார். மேஜைக்கு எதிரே போய் நின்றேன். சத்தியமெல்லாம் நினைவில் இருந்தது, இருந்தும் சொன்னேன்.

"ஐயா, ஒங்க நைனா நின்ன மாதிரிதான் எங்க நைனாவும் குழில நிக்கிறாரு."

அடிப்பார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். துரைசானியிடம் ஓடிப்போய், இந்தப் பெண்ணை இன்னொரு தடவை பேசவிடுங்கள் என்று கேட்பார் என்றுகூட ஒரு மூலையில் நினைத்தேன், பதினொரு வயது புத்தி. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, என்னிடம் அதுவரை பேசாத எங்கள் தெருப் பேச்சில் கேட்டார்.

"யார்கிட்டனா சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன். கோட்டுப் பையிலிருந்து சீமைப் பென்சில் ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம், சீவாத புதுசு. என் கையைப் பிடித்து அதில் வைத்து விரல்களை மூடினார்.

தூக்கி அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து தெருவில் நின்று கத்தியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு, வர்றேங்கய்யா என்றும் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் அம்மாவோடு பட்டை இடிக்கப் போனேன்.